வளைவில் உட்கார்ந்த ஆண்டவர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தபால்காரர்கூட அதை மறந்துவிட்டார். எல்லோருக்கும் அவர் சிராய். தலைமுடியில் மரச்சிராய், சட்டைப்பையில் சிராய், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் சிராய். ஒருமுறை அவர் கோயிலில் முழந்தாளிட்டு எழுந்த இடத்தில் ஒரு கைப்பிடி சிராய் கிடந்தது. கோயில் பெருக்குகிற அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "ஜெபம் பண்ண வந்தீங்களா, இல்ல இழைப்புளி ஓட்ட வந்தீங்களா?" என்று கேட்டாள். மனிதர் அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, பீடத்தின் படியிலிருந்து வாசல் வரை முழுக் கோயிலையும் பெருக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

சாலையோரக் கெபிகளுக்கு இயேசுவின் சுரூபம் செதுக்குவதுதான் அவர் தொழில். கெபி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு தூண், மழை வழிய ஒரு சாய்ந்த கூரை, உள்ளே மூன்றடி உயரத்தில் ஆண்டவர். சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவார்கள். சுற்றுவட்டாரச் சாலைகளில் அப்படி ஐம்பத்து மூன்று கெபிகளில் அவர் செய்த ஆண்டவர் இருக்கிறார். எதிலும் அவர் பெயர் கிடையாது.

கட்டை வந்தவுடன் உளி வைக்கமாட்டார். மூன்று வருஷம் நிழலில் காயவைப்பார். பிறகு முதுகுப் பக்கத்தைத் தொட்டிபோல் குடைந்து, மரத்தின் நடுத்தண்டை முழுவதும் எடுத்துவிடுவார். நடுத்தண்டு உள்ளே இருந்தால் வெயிலுக்கு மரம் வெடிக்கும், வெடிப்பு நேராக முகத்துக்குத்தான் ஓடும். குடைந்த முதுகில் இன்னொரு தொல்லை உண்டு. குளவிகள் கூடு கட்டும். ஆகவே ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சைக்கிளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஐம்பத்து மூன்று கெபிகளுக்கும் போய்வருவார். கூடுகளைச் சுரண்டி எடுப்பார், கீறல்களில் மெழுகும் மரத்தூளும் குழைத்து அடைப்பார். யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. யாரும் கூலி கொடுப்பதுமில்லை. உதடு வீங்கி வீட்டுக்கு வந்து நிற்பார்.

"குளவி கொட்டுச்சா?" என்பாள் மனைவி.

"அது வீட்டை இடிச்சா அது கொட்டாம கொஞ்சுமா?" என்பார்.

மரத்துக்கு நிறம் கொடுப்பவள் அந்த மனைவிதான். பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. முன்னறையில் அவருடைய வேலை மேஜை, பின்னறையில் அவளுடைய வர்ண டப்பாக்கள். பசையும் சாக்பீஸ் பொடியும் குழைத்து மரத்துக்கு மூன்று பூச்சு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சதை நிறம் கொடுத்து, முள் குத்திய இடத்தில் ஒரு துளி சிவப்பு வைத்து, கடைசியில் கண்ணை எழுதுவாள். அவள் கண் எழுதியபிறகு அந்த அறையில் யாரும் சத்தம்போட்டுப் பேசமாட்டார்கள்.

ஊரில் அவளுக்குக் கையுறை ராணி என்று பட்டப்பெயர். வாசலைத் தாண்டினால் இடது கையில் கையுறை இருக்கும். சாதாரண நாளில் சாம்பல் நிறம், கோயிலுக்கு வெள்ளை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் அந்தக் கையைப் பார்த்ததில்லை. பார்க்காததைப் பற்றிப் பேசத்தானே ஊருக்குப் பிடிக்கும்? தோல் வியாதி என்றார்கள். பணக்கார வீட்டுத் திமிர் என்றார்கள். முதல் புருஷன் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள்.

உண்மை என்ன தெரியுமா? இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன், வேறொரு ஊரில், ஒரு பிளைவுட் தொழிற்சாலையில் இருவரும் அடுத்தடுத்த மெஷினில் வேலை செய்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு மாதம். பலகையின் ஓரம் வெட்டுகிற ரம்பத்தில் அவள் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண் இமைக்கிற நேரம். இடது கையின் மோதிர விரல் போய்விட்டது, மோதிரத்தோடு. அவர் தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தையல் போட்டு அவள் மயங்கிக் கிடந்த நேரத்தில் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தார். மலைபோல் கிடந்த மரத்தூளைச் சல்லடையில் அள்ளி அள்ளிச் சலித்தார். மோதிரம் கிடைக்கவில்லை.

மறுநாளே வேலையை விட்டார். "இனிமே மெஷின் சத்தம் நம்ம வீட்டுக்குள்ள கேக்காது" என்று அவளிடம் சொன்னார். அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றுகிறார். உளியும் கொட்டாப்புளியும் அரமும்தான் அவர் சொத்து. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இந்த ஊருக்குக் குடிவந்தார்கள். கூடவே அவருடைய தங்கையும் வந்தாள், மெஷின் இல்லாமல் கையாலேயே தைக்கிற தையல்காரி. கையுறையை அவள்தான் தைத்தாள். மோதிர விரல் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சை அடைத்துத் தைத்தாள். வீட்டில் இருக்கும்போது மட்டும் அந்தக் கையுறை கொடியில் தொங்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வளைவு வந்தது.

மேட்டுச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. வருஷத்துக்கு நான்கு லாரியாவது அங்கே கவிழும். லாரிக்காரர்கள் சங்கம் அந்த இடத்தில் ஒரு கெபி கட்டுவதென்று முடிவு செய்தது. சங்கத்தின் தலைவர் தன் மீசையை லாரி ஸ்டீயரிங் மாதிரி வளைத்து விட்டிருப்பார். அதனால் அவர் பெயரே மீசை. அவர் நேரில் வந்து கேட்டார்.

"சிலுவையில தொங்குற ஆண்டவர் வேணாம் சிராயண்ணே. திரும்பினதும் ரத்தத்தைப் பார்த்தா டிரைவர் பசங்க பதறிடுவானுங்க. சாந்தமா, உட்கார்ந்த மாதிரி ஏதாச்சும்..."

சிராய் ஓர் அட்டையில் பென்சிலால் வரைந்து காட்டினார். முள்முடி சூட்டியாகிவிட்டது, சிலுவை இன்னும் வரவில்லை. நடுவே கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கிற இயேசு.

மீசை அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னண்ணே இது, லாரி கவுந்த ஓனர் மாதிரி உட்கார்ந்திருக்காரு?"

"கவுந்த எடத்துலதானே உட்காரப் போறாரு? 'மெதுவாப் போடா, நானே கவலையில இருக்கேன்'னு வர்றவனைப் பார்த்துச் சொல்லட்டும்."

மீசைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கேயே சரி என்றுவிட்டார்.

பங்குத்தந்தை அந்த அட்டையைப் பார்த்துவிட்டு இன்னொரு செய்தி சொன்னார். "கட்டிட்டிருக்கிற புதுக் கோயில் பீடத்துக்கு ஏழடியில சிலுவை ஆண்டவர் வேணும். இந்த வேலை நல்லபடியா முடியட்டும். அதையும் நீங்கதான் செய்றீங்க."

சிராய் அன்று வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வெயிலிலும் மழையிலும் நிற்கிற சுரூபங்களையே இருபத்திரண்டு வருஷமாகச் செய்தவர். ஒரு கோயிலின் பீடத்துக்கு அவரை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. "பீடத்துக்குடி... பீடத்துக்கு..." என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அழறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழு. தைக்கிற துணியில கறை படும்" என்று சொன்ன தங்கையும் முதுகைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

சிலுவையில் அறைந்த கையைச் சிராய் கண்ணை மூடிக்கொண்டு செதுக்குவார். ஆணியைச் சுற்றி விரல்கள் உள்ளே மடிந்து கிடக்கும், தனித்தனியாகக் காட்டவேண்டிய அவசியமில்லை. கன்னத்தில் விரிந்து கிடக்கிற கை அவருக்குப் புதிது. பார்த்துச் செய்ய ஒரு கை வேண்டும்.

"இங்க வந்து கொஞ்சம் உட்காரு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"அடுப்புல உலை கொதிக்குது."

"கொதிக்கட்டும். கன்னத்துல கை வை."

"எந்தக் கை?"

"எது வருதோ அது."

வலது கையில் கரண்டி இருந்தது. இடது கையைக் கன்னத்தில் வைத்தாள். வீட்டுக்குள்தானே, கையுறை கொடியில் இருந்தது.

பதினோரு காலைகள் அப்படி உட்கார்ந்தாள்.

"மூக்கு அரிக்குதுங்க."

"ஆண்டவருக்கும் அரிச்சிருக்கும். பொறுத்துக்கோ."

"கல்யாணத்துக்கு முன்னாடிகூட என்னை இவ்வளவு நேரம் நீங்க பார்த்ததில்ல."

"அப்ப உங்கப்பா பக்கத்துலயே நின்னாரே! பார்த்திருந்தா என் கண்ணு இருந்திருக்குமா?"

வேலை முடிகிறவரை சுரூபத்தைத் துணி போட்டு மூடிவைப்பது அவர் பழக்கம். பன்னிரண்டாம் நாள் அதைப் பின்னறைக்குத் தூக்கிவந்து வைத்துவிட்டு, கால் நீட்டிப் படுக்கப் போனார். அவள் துணியை எடுத்தாள்.

முகம் அற்புதமாக வந்திருந்தது. களைத்த முகம், ஆனால் கோபமே இல்லாத முகம். அவள் பார்வை கன்னத்துக்கு இறங்கியது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். பிறகு ஓர் இடைவெளி. இடைவெளியின் அடியில் மொட்டுப்போல ஒரு சிறு மேடு. அதற்கப்பால் சுண்டு விரல்.

அவளுடைய கை.

வர்ண டப்பாவின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் நிற்கவில்லை. ஊர் முழுக்க ஒளித்த கையை இந்த மனுஷன் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாரே! வாய்விட்டு ஒருநாள்கூட அன்பைச் சொல்லத் தெரியாதவர், இப்படியா சொல்லவேண்டும்? தாடி நிறத்தை ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அந்த இடைவெளி நிழலில் மறைந்திருக்கும். பிரஷைத் தோய்த்தும்விட்டாள். ஆனால் கை வரவில்லை. மொட்டுக்கும் சேர்த்துச் சதை நிறமே பூசினாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இது தங்கள் இருவருக்கும் நடுவே உள்ள ரகசியம் என்று அவள் நம்பினாள். யார் போய் ஆண்டவரின் விரலை எண்ணப்போகிறார்கள்?

எண்ணுகிற ஆள் ஒருவர் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோரும் வளைவுக்கு வந்தார்கள். கழுவித் துடைத்த லாரிகள் வரிசையாக நின்றன. பங்குத்தந்தை மந்திரிக்கத் தயாராகத் தீர்த்தத்தோடு நின்றார். மீசை துணியை இழுத்தார். வயதான டிரைவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் சங்கத்தின் மெக்கானிக், பட்டப்பெயர் ஸ்பேனர். ஃபேன் பெல்ட்டில் மாட்டி வலது கையில் இரண்டு விரலை இழந்தவர். யாருடைய கையைக் கண்டாலும் முதலில் விரலைப் பார்ப்பது அவர் வழக்கமாகிவிட்டது. ஆண்டவரின் கையையும் பார்த்தார்.

"அட! நம்ம ஆண்டவருக்கும் ஒரு விரல் போயிருக்கே! எந்த லாரியில மாட்டினாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் எண்ணினார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன சிராய் இது?" என்றார் பங்குத்தந்தை.

சிராய் கிட்டே போனார். மரக்கையைத் தொட்டு எண்ணினார். தன் கையைத் திருப்பிப் பார்த்து அதையும் எண்ணினார். மறுபடி மரக்கையை எண்ணினார். முகம் வெளிறிப்போயிற்று. "இல்லையே சாமி... பார்த்துப் பார்த்துத்தானே செஞ்சேன்..."

"யாரைப் பார்த்து?" என்று கேட்டார் மீசை.

பெண்கள் கூட்டத்தில், பத்தடி தூரத்தில் அவள் நின்றிருந்தாள். வெள்ளைக் கையுறையை வலது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். சிராய் ஒரே ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரையும் பாக்கல. குடிச்சிருந்தேன் சாமி. போதையில விரலை மறந்துட்டேன்."

பங்குத்தந்தை தீர்த்தப் பாத்திரத்தை மூடினார். "சிலுவையிலயே ஆண்டவரோட எலும்பு ஒண்ணுகூட முறியல. நீங்க குடிச்சிட்டு அவரோட விரலை எடுத்துட்டீங்க. இதை நான் மந்திரிக்க மாட்டேன். எடுத்துட்டுப் போங்க. புதுக் கோயில் வேலையைப் பத்தி இனிமே எங்கிட்ட பேசவும் வேணாம்."

அவள் பக்கத்தில் நின்ற தையல்கார நாத்தனார் அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "இருமல் மருந்து குடிச்சாலே செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற ஆளு எங்கண்ணன். குடிச்சானாம்! வாயைத் தொறங்க அண்ணி!"

அவளுக்கு வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷப் பயம் அந்தக் கையுறைக்குள் இரும்பாகக் கனத்தது.

அங்கே நின்ற லாரிகளில் ஒன்றில், பழைய டயர்களுக்கு நடுவே, துணி மூடிப் படுக்கவைத்து ஆண்டவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெருவில் ஒரு குரல் எழுந்தது. "சிராயா? குடியா? நல்ல மனுஷன்னு நெனச்சோமே!" மதியத்துக்குள் அது நான்கு தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. சிராய் வேலை மேஜையில் உட்கார்ந்து, அதே கட்டையின் மிச்சத்தில் ஒரு சின்னத் துண்டை எடுத்துச் சீவிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"விரல். ஒரு முளை வெச்சு மாட்டிட்டா தெரியாது. நீ கொஞ்சம் சதை நிறம் குழைச்சுத் தா."

அவள் எதிரில் வந்து நின்றாள். "ஏங்க, நீங்க தெரிஞ்சே செஞ்சீங்கன்னுல்ல நெனச்சேன்."

"எதை?"

"விரலை."

சிராய் உளியைக் கீழே வைத்தார். "சத்தியமா தெரியலம்மா. கோடு போட்டேன், உன் கையைப் பார்த்தேன், செதுக்கினேன். எண்ணணும்னே தோணல." அவள் கையைக் கண்ணால் காட்டினார். "அது கைதானே? அதுல என்ன குறைச்சல்?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்து செய்தார் என்று நினைத்தபோது வந்த கண்ணீர் எங்கே, இப்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு வருகிற இது எங்கே! மூடி மறைக்க வேண்டியது என்று இருபத்திரண்டு வருஷமாக அவள் நினைத்த ஒன்றை, அவள் தினமும் மூடாமல் காட்டிய மனுஷன் பார்க்கவே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் அவள் கையை.

"பீடத்து வேலை போச்சே... உங்க பேரு போச்சே..."

"பேரா? எனக்கு எங்க பேரு இருந்துச்சு, போறதுக்கு? சிராய்னுதானே கூப்பிடறாங்க?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குனிந்து மறுபடி விரலைச் சீவத் தொடங்கினார். அவர் முதுகு குலுங்கியதை அவள் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் முகம் கழுவி, தலை வாரி, வாசலுக்கு வந்தாள்.

"அண்ணி, கையுறை!" என்று கத்தினாள் நாத்தனார்.

"கொடியிலயே கெடக்கட்டும்."

பேருந்தில் உட்கார இடமில்லை. இடது கையால் மேல்கம்பியைப் பிடித்தாள். கீழே உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வாங்க ராணியம்மா" என்று தினமும் கேலி செய்கிற கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியவர், கையைப் பார்த்ததும் சில்லறை கொடுக்க மறந்து அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனாலும் கம்பியை விடவில்லை. சங்க அலுவலகம் வரை ஆறு நிறுத்தம். ஆறு நிறுத்தமும் அந்தக் கை மேலேயே இருந்தது.

தேய்ந்த டயர்களுக்கும் காலி டீ கிளாஸ்களுக்கும் நடுவே மீசை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரின்மேல் அவள் தன் இடது கையை விரித்து வைத்தாள்.

"எண்ணுங்க தலைவரே."

"அம்மா, என்ன இது..."

"எண்ணுங்க. நேத்து அங்க எண்ணத் தெரிஞ்சுதே?"

மீசை எழுந்து நின்றுவிட்டார். "நாலு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"இதைப் பார்த்துத்தான் செஞ்சாரு. நான் ஒளிச்சு வெச்சது வெளிய வந்துடக் கூடாதுன்னு குடிகாரன்னு பேர் வாங்கிக்கிட்டாரு. அந்த மனுஷன் நாக்குல ஒரு சொட்டு பட்டதில்ல. பீடத்துல வேலை செய்யணும்னு ஆசைப்பட்டவரைப் பேசவிடாம நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அது என் தப்பு. விரல் இல்லாதது யார் தப்பும் இல்ல. நீங்கதான் சாமிகிட்ட வந்து சொல்லணும்."

வெளியே லாரிக்கு அடியில் படுத்திருந்த ஸ்பேனர் ஊர்ந்து வெளியே வந்தார். கிரீஸ் படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் கைக்குப் பக்கத்தில் தன் மூன்று விரல் கையை வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுது நாலு, என்னுது மூணு. ஏழு விரல்மா. ஒரு கியர் பாக்ஸையே எறக்கிடலாம்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கையைப் பற்றி அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. அந்த முரட்டு மீசைக்காரர், தன் முகத்தைப் பேப்பரால் மறைத்துக்கொண்டார்.

மூவருமாகப் பங்குத்தந்தையிடம் போனார்கள். அவர் முழுக் கதையையும் கேட்டார்.

"குடிச்சேன்னு சொன்னது பொய்யா?"

"ஆமா சாமி."

"பொய் சொன்னதுக்கு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுங்க. விசாரிக்காம பேசினதுக்கு நானும் ஒரு சாமிகிட்ட போய்ப் பண்ணணும். பீடத்து வேலை அவருக்குத்தான்." அவள் கும்பிட்டாள். பங்குத்தந்தை ஒரு விரலை உயர்த்தினார். "ஆனா அந்த விரல் மட்டும் இருக்கணும். ஆண்டவர் முழுசா இருக்கணும்."

சிராய் மறுப்புச் சொல்லவில்லை. செதுக்கிய விரலை முளை வைத்து மாட்டினார். பசை போடவில்லை. ஒரு மழை பார்த்தபிறகுதான் பசை போடவேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு வெடிக்கும் என்றார். அது தொழில் நியாயமா, மனசின் நியாயமா என்று அவரைத்தான் கேட்கவேண்டும். சுரூபத்தை மந்திரித்து, வளைவில் உட்காரவைத்தார்கள்.

ஐந்தாம் நாள் விரலைக் காணோம். "அது என் வண்டியில இருக்கு. என் மூணு விரலோட ஒண்ணு கூடினா நல்லதுதானே?" என்று ஸ்பேனர் வெட்கமில்லாமல் ஒப்புக்கொண்டார். சிராய் இரண்டாவது விரல் செய்து மாட்டினார். ஒன்பது நாளில் அதையும் காணோம். இந்த முறை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பங்குத்தந்தைக்குக் கோபம் வந்தது. மூன்றாவது விரலை அவரே வாங்கிப்போய் மாட்டினார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று விடியற்காலையில் போய்ப் பாறைக்குப் பின்னால் மறைந்து நின்றார்.

அன்று பத்து மணிக்கு அவர் சிராய் வீட்டு வாசலில் நின்றார். அங்கிப் பையில் கையை விட்டு, மூன்றாவது விரலை எடுத்து வேலை மேஜைமேல் வைத்தார்.

"பிடிச்சிட்டீங்களா சாமி? யாரு திருடன்?" என்று ஓடிவந்தாள் தையல்காரி.

"நான்தான்."

மூவரும் அவரையே பார்த்தார்கள்.

"ஒரு டிரைவர் வந்தான். வண்டியை ஓரம் கட்டிட்டு நேரா ஆண்டவர் கைகிட்ட போனான். விரல் காணாமப்போன நாள்கள்ல பழகிட்டான் போல, தன்னோட விரலை அந்த எடத்துல வைக்கப் போனான். மரவிரல் இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பேசாம வண்டி ஏறிட்டான். அப்புறம் ஒரு அம்மா, இடுப்புல காய்ச்சல்காரக் குழந்தை. குழந்தையோட விரலைப் பிடிச்சு அந்த எடத்துல வைக்கப் பார்த்தாங்க. அவங்களுக்கும் எடமில்ல. மூணாவது ஒரு ஆள் வந்தாரு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கு மேல என்னால மறைஞ்சு நிக்க முடியல சிராய். நானே போய்க் கழட்டிட்டேன். கழட்டினதும் என் விரலையும் வெச்சுப் பார்த்தேன். சரியாப் பொருந்துச்சு. இனிமே நீங்க விரல் செய்ய வேணாம்."

சிராய் உளியின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சாமி" என்றாள். இழுத்துப் போட்ட கை எந்தக் கை என்று அவளும் கவனிக்கவில்லை, வந்தவரும் கவனிக்கவில்லை.

தையல்காரிதான் மேஜைமேல் கிடந்த மரவிரலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நுனியைத் தடவினாள். "வழவழன்னு இருக்கே! இது எனக்கு. சட்டைக் காலரைத் திருப்பினா முனை எடுக்கிறதுக்கு நல்ல குச்சி கெடைக்காம திண்டாடிக்கிட்டிருந்தேன். எப்படியும் கையுறை ஆர்டர் கைவிட்டுப் போச்சு, இதாவது மிஞ்சட்டும்."

"அடியே, மந்திரிச்சதுடி அது!" என்று பதறினார் சிராய்.

"முதல் விரலைத்தான் மந்திரிச்சேன். மூணாவதை மந்திரிக்கல" என்றார் பங்குத்தந்தை. "எனக்கும் ஒரு அங்கி தைக்கக் குடுக்கணும். காலர் முனை கொஞ்சம் கூரா வரணும்."

அவள் உடனே கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். "நிமிர்ந்து உட்காருங்க சாமி. கன்னத்துல கை வெச்சா கழுத்தளவு எப்படி எடுக்கிறது?"